பினாங்குப் பாலரும் குடும்பப் பாடமும்

பாலர் பள்ளிகளில் ‘என் குடும்பம்’ என்னும் பாடம் தொடங்கும் வாரத்தில் பிள்ளைகளின் கையில் கொடுக்கப்படும் தாளில் பெரும்பாலும் ஒரே சித்திரந்தான் இருக்கும்: மீசை வைத்த ஒரு தகப்பனார், ஒரு தாயார், ஆணொன்று பெண்ணொன்று என இரண்டு குழந்தைகள், பின்னால் ஓடு வேய்ந்த ஒரு வீடு. வண்ணம் தீட்டுவதற்குச் சௌகரியமான படம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரில், பகலெல்லாம் பாட்டியோடும் இரவில் மட்டும் தாயோடும் இருக்கிற சிறுவனும், தகப்பனார் சிங்கப்பூரில் வேலையாயிருப்பதால் மாதத்துக்கு ஒருமுறை அவர் முகம் காண்கிற சிறுமியும், சீனப் பாட்டியையும் தமிழ்த் தாத்தாவையும் ஒருங்கே உடையவளும், ஆதரவற்றோர் விடுதியில் பல பிள்ளைகளோடு வளர்கிறவனும் ஒரே பாயில் அமர்ந்து அத்தாளுக்கு வண்ணம் தீட்டும்போது, அவர்களிற் பலர் தீட்டுவது அடுத்த வீட்டுப் படத்தையே என்று சொன்னால் மிகையாகாது.

குடும்பங்கள் பலவிதம் என்பதைக் குழந்தைகளுக்குச் சொல்லித் தருவது மேனாட்டிலிருந்து வந்த நூதன விஷயம் என்று நம்மவருள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பினாங்கின் சரித்திரத்தைச் சற்றே புரட்டியவர்கள் அவ்வாறு சொல்லத் துணியமாட்டார்கள். 1786-இல் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றிய காலந்தொட்டு, துறைமுகத்தை நம்பிக் கப்பலேறி வந்த ஆடவரிற் பெரும்பாலோர் மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர்களே. நாட்டுக்கோட்டைச் செட்டிமார்களின் ஏஜெண்டுகள் மூன்று மூன்று ஆண்டுகளாகக் கிட்டங்கியில் தங்கி வட்டிக்கடைக் கணக்கெழுத, அவர்களுடைய பிள்ளைகள் செட்டிநாட்டில் தகப்பனாரைக் கடிதத்திலேயே அறிந்து வளர்ந்தார்கள். தமிழ் முஸ்லிம் வணிகர் மலாய்ப் பெண்களை மணந்து நிலைத்துவிடவே, ஜாவி பெரானாக்கான் என்னும் ஒரு சமூகம் இங்கே உதித்தது.

இவை யாவற்றினும் வியக்கத்தக்கது, சீனக் குடும்பங்கள் தம் பெண் மகவைத் தமிழ்க் குடும்பங்களுக்குச் சுவீகாரம் கொடுத்த வழக்கம். வறுமை ஒரு காரணம்; ஆண் பிள்ளையின்மீதிருந்த மோகம் மற்றொன்று; புலி ஆண்டில் பிறந்த பெண் வீட்டுக்கு ஆகாது என்ற நம்பிக்கை வேறொன்று. 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு வீசி, அம்மாதத்துக்குள்ளாகவே தீவு கைமாறி, ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிடித்திருந்த காலத்தில், இன்னும் எத்தனையோ பெண் குழந்தைகள் இவ்வாறு மடி மாறின. பெற்றுக்கொண்ட தமிழ்த் தாய்மார் காது குத்தி, தமிழ்ப் பெயர் சூட்டி, சீர்வரிசை செய்து, தமிழ் மாப்பிள்ளைக்கே மணமுடித்து வைத்தார்கள். சிங்கப்பூரில் இவ்விதம் வளர்ந்த பெண்களின் வரலாறுகளை ஆய்வாளர் தெரசா தேவசகாயம் ‘லிட்டில் டிராப்ஸ்’ என்னும் நூலில் தொகுத்திருக்கிறார். பினாங்கிலோ நூலைத் தேட வேண்டியதில்லை. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில், பட்டுச் சேலை உடுத்து மல்லிகை சூடி, பால்குடம் சாய்கிறதென்று மருமகளைத் தமிழில் அதட்டிக்கொண்டு செல்லும் சீன முகத்து மூதாட்டியைக் கண்டவர் பலர்.

குடும்பத்துக்கு ஒரே வடிவந்தான் என்று நாட்டின் சட்டமும் சொன்னதில்லை. 1976-ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி அமலுக்கு வந்த பிறகே முஸ்லிம் அல்லாதோருக்கு ஒருதார மணம் விதியாயிற்று. அதற்கு முந்திய காலத்தில், ஜார்ஜ் டவுன் லீத் தெருவின் நீல மாளிகையைக் கட்டிய சீனச் சீமான் சியோங் ஃபாட் ட்சேவுக்கு மனைவியர் எண்மர். அச்சட்டமே, நெருங்கிய உறவுமுறை மணங்களை விலக்கும் இடத்தில், இந்துக்கள் தம் வழக்கப்படி அக்காள் மகளை மணப்பதற்கு இடம் விட்டிருக்கிறது. பாட்டியின் தம்பியே தகப்பனாராக வாய்த்த பிள்ளையைக் குடும்ப மரம் வரையச் சொன்னால், கிளைகள் எப்படிப் பின்னிக்கொள்ளும் என்பதைப் பாடநூல் எழுதுவோர் யோசித்தார்களோ, அறியேன்.

இனி, கற்பிக்கும் முறைக்கு வருவோம். நான்கு வயதுக்குள்ளாகவே குழந்தை நிறத்தையும் தலைமயிரையும் பேச்சையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. பாரபட்சமற்ற பாலர் கல்வியைப் பற்றி அமெரிக்காவில் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்னும் அம்மையாரும் அவர் குழுவினரும் 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பிள்ளையின் கேள்வியைப் பெரியவர்கள் மழுப்பினால், கேட்ட விஷயம் வெட்கத்துக்குரியது என்றே பிள்ளை கற்றுக்கொள்ளும் என்பது அவர்கள் கொள்கை. உணவையும் உடையையும் பண்டிகையையும் காட்டிவிட்டு நகர்ந்துவிடும் பாடங்களைச் சுற்றுலாப் பயணியின் பாடம் என்றும் அவர்கள் எள்ளினார்கள். அந்த எள்ளல் நமக்கு நன்றாகவே பொருந்தும். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாக அறிவித்த இந்த ஜார்ஜ் டவுனில், கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், மகாமாரியம்மன் கோயில், குவான் யின் கோயில் ஆகிய நான்கையும் ஒரே காலைப்பொழுதில் பிள்ளைகளை நடத்திச் சென்று காட்டிவிட்டு, மூவினத்து ஆடையில் நிழற்படமும் எடுத்துவிட்டு, ஒற்றுமைப் பாடம் முடிந்ததென்று திருப்தியடைகிறோம். ஆனால் உடன் நடந்து வந்த பிள்ளையின் வீட்டில் சோறாக்குகிறவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

கேட்பதற்கும் ஒரு பக்குவம் வேண்டும். அச்சிட்ட படத்துக்குப் பதிலாக வெற்றுத் தாளைக் கொடுத்து, காலையில் உன் தலையை வாரிவிட்டவர் யார், பசியாற என்ன கொடுத்தார், காய்ச்சல் கண்டால் யார் பக்கத்தில் படுத்துக்கொள்வார் என்று வினவினால், இல்லாதவரைப் பற்றிய கேள்வி எழாமலே, இருப்பவர்கள் தாளில் வந்து நிற்பார்கள். “டீச்சர், இவனுக்கு அப்பா இல்லை” என்று ஒரு குரல் எழுந்தால், “இவன் வீட்டில அம்மாவும் தாத்தாவும் இருக்காங்க, உன் வீட்டில யார் யார் இருக்கீங்க?” என்று சாதாரணமாகச் சொல்லி அப்பால் செல்ல வேண்டும். “ஐயோ பாவம்” என்னும் ஒரு சொல் அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்கு கொஞ்சநஞ்சமன்று. தகப்பனார் இறந்தாரா, பிரிந்தாரா, சிறையிலிருக்கிறாரா என்று வகுப்பின் நடுவே துருவுவதும், சுவீகாரப் பிள்ளையை எழுப்பி நிறுத்தி உதாரணம் காட்டுவதும் கல்வியாகா.

பினாங்கு மாநிலத்தின் 28 தமிழ்ப்பள்ளிகளிற் பலவற்றோடு பாலர் வகுப்பும் இணைந்திருக்கிறது. ஒற்றுமைத் துறையின் தபிகா பெர்பாடுவான் என்னும் பாலர் நிலையங்களிலோ மூவினப் பிள்ளைகளும் ஒன்றாய்ப் பயில்கிறார்கள். எங்கேயாயினும் இப்பாடத்தின் முதல் வேலை சேர்க்கை நாளன்று பெரியவர்களிடமே நடக்க வேண்டியது: அழைத்து வந்தவர் தாயாரோ பாட்டியோ, அவரைத் தனியே அமர்த்தி, வீட்டில் யார் யார், பிள்ளை அவர்களை எவ்வாறு அழைக்கிறது, வகுப்பில் எதைப் பேசலாம், எதைப் பேசலாகாது என்று கேட்டு ஆசிரியை குறித்துக்கொள்ள வேண்டும். மே மாதத்தில் அன்னையர் தின வாழ்த்து அட்டை செய்யும்போது அக்குறிப்பு கைகொடுக்கும். அத்தைக்கு ஒன்று, பாட்டிக்கு ஒன்று என்று கேட்கும் பிள்ளைக்கு இரண்டாவது அட்டையையும் முன்கூட்டியே வெட்டி வைக்கலாம்.