மூன்று சட்டி மணலில் எத்தனை சட்டி?

சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லையை ஒட்டிய எளாவூர் சோதனைச் சாவடியில் ஒரு லாரிக்காரரிடம் பாரம் எவ்வளவு என்று கேட்டால், “இருபது டன் சார்” என்பார். ‘இருபது டன்கள்’ என்று யார் வாயிலும் வராது.

ஆங்கிலத்தில் அந்த டன்னுக்குப் பின்னால் ‘எஸ்’ ஒட்டியாக வேண்டும். அதற்கும் விலக்கு உண்டு. பத்தடிக் கழியை ‘டென் ஃபுட் போல்’ என்பார்கள், ‘ஃபீட்’ வராது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ஆறாம் வேற்றுமைப் பன்மையாக ‘ஃபோட்டா’ இருந்தது. கடைசி உயிர் தேய்ந்துபோய், ஒருமை வேடத்தில் ‘ஃபுட்’ மிஞ்சியது.

கலவை போடுகிற இடத்தில் மேஸ்திரி, “மூணு சட்டி மணல் போடு” என்கிறார். சித்தாள் ஒரே சட்டியை மூன்று முறை நிரப்பிக் கொட்டுகிறார். சட்டி இங்கே பாத்திரம் அல்ல, அளவு. ஆங்கிலம் இதற்கென்றே ‘ஃபுல்’ என்றொரு ஒட்டு வைத்திருக்கிறது: கப்ஃபுல், ஸ்பூன்ஃபுல், ஹேண்ட்ஃபுல். ‘த்ரீ கப்ஃபுல்ஸ்’ என்றால் ஒரே கோப்பையால் மூன்று முறை அளந்தாலும் போதும். ‘எஸ்’ஸை முன்னே நகர்த்தி ‘த்ரீ கப்ஸ் ஃபுல்’ என்று பிரித்து எழுதினாலோ, மேசைமேல் நிரம்பிய கோப்பைகள் மூன்று இருக்க வேண்டும். ‘கப்ஸ்ஃபுல்’ என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. அகராதிகள் இடம் கொடுத்தாலும் எனக்கு ஒப்பவில்லை.

தமிழில் அளவுப் பெயர்கள் தனி இனம் என்பதைத் தொல்காப்பியமே கவனித்திருக்கிறது. அளவும் நிறையும் குறிக்கும் சொற்கள் ஒன்பது எழுத்துகளில்தான் தொடங்கும் என்று கணக்கே எடுத்திருக்கிறது. எண்ணோடு அவை சேரும் விதத்தையும் எழுத்ததிகாரம் விரிக்கிறது: மூன்றும் கலமும் முக்கலம், மூன்றும் நாழியும் முந்நாழி. பன்மையைச் சொல்ல எண்ணே போதும். அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ கட்டாயமில்லை என்பதைச் சொல்லதிகாரம் சொல்லிவிடுகிறது.

வினையைப் பாருங்கள். எண்ணினால் ‘பத்து லாரிகள் வந்தன’. நிறுத்தால் ‘பத்து டன் வந்தது’. எவ்வளவு என்றே தெரியாவிட்டாலும் ‘டன் கணக்கில்’, ‘மூட்டை மூட்டையாக’ என்று சொல்லிவிடுகிறோம்.

சர்வதேச அலகு முறையும் இந்தக் கட்சிதான். அதன் குறியீடுகளுக்குப் பன்மை கிடையாது. ஒன்றானாலும் நூறானாலும் கேஜி கேஜியே. அரிசி மூட்டையில் அதற்குப் பின்னே ‘எஸ்’ அச்சடிப்பது பிழை. ‘ஐந்து டன்கள்’, ‘பத்து கிலோமீட்டர்கள்’ என்று எழுதும் பத்திரிகை நண்பர்களும் அந்தக் ‘கள்’ளை விட்டுவிடலாம்.