வெஜிடேபிளில் டேபிள் இல்லை

ரெட்டியார்சத்திரம்னாலே காய்கறிதான். இந்தியா–இஸ்ரேல் கூட்டுத் திட்டத்தில் வந்த காய்கறி மகத்துவ மையம் இங்கேதான் இருக்கு. குழித்தட்டில் நாற்று வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுக்கிறாங்க. என் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டும் காய்கறி நாற்றுக்கு ஈரம் பார்த்துத் தண்ணி விடுற சென்சார்தான். போன மாசம் மாக் இன்டர்வியூவில் அதை இங்கிலீஷில் விளக்கினேன். "வெஜிடேபிள்"னு பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். முடிச்சதும் எதிரே இருந்தவர் கேட்டார்: "எந்த டேபிள்?"

எல்கேஜியிலிருந்து 14 வருஷம் இங்கிலீஷ் மீடியம். யாரும் இதைச் சொன்னதே இல்லை.

எழுத்தைப் பார்த்தா டேபிள் இருக்கு, சத்தத்தில் இல்லை. சரியான உச்சரிப்பு கிட்டத்தட்ட 'வெஜ்-டபிள்'. நாலு இல்லை, மூணே அசை. அழுத்தம் முழுக்க முதல் 'வெ'யில். நடுவில் இருக்கிற இரண்டாவது 'ஈ' எழுத்து காணாமலே போயிடும். 'டே' சுருங்கி ஒரு மங்கலான 'ட' ஆகிடும்.

ஏன் நமக்கு இது வரமாட்டேங்குது? தமிழில் குறில் 1 மாத்திரை, நெடில் 2 மாத்திரை. எழுதினபடியே அளவு கொடுத்துப் பழகிட்டோம். இங்கிலீஷில் ஒரு அசையைத் தூக்கிச் சொன்னா, பக்கத்து அசையெல்லாம் அமுங்கிப் போகும். அமுங்கின அந்த உயிர் ஒலிக்குப் பேர் ஷ்வா. கேட்கிறவங்க காது அழுத்தம் விழுற இடத்தை வச்சுத்தான் வார்த்தையைப் பிடிக்கும். நான் 'டே'யில் அழுத்தினேன், அவருக்கு டேபிள் கேட்டது. அவர் மேல தப்பில்லை.

ஆனா இந்த அமுக்கல் நமக்குப் புதுசு இல்லை. பத்தாவதோட மறந்துபோன குற்றியலுகரம் ஞாபகம் இருக்கா? 'பசு'ன்னு சொல்லுங்க, கடைசியில் உதடு குவியும். 'பாட்டு'ன்னு சொல்லுங்க, குவியாது. அந்த உகரம் அரை மாத்திரையா குறைஞ்சிடுது. ஷ்வா இதே ஒலி இல்லை, ஆனா வாயைத் தளர்த்தி விடுற பழக்கம் அதேதான். 'வெஜ்'ஜை ஓங்கிச் சொல்லி, மீதியை அந்த மாதிரி விட்டுடுங்க. 'வ'வுக்கு மட்டும் மேல்பல் கீழுதட்டைத் தொடணும். கம்ஃபர்டபிள்லயும் இதே கதைதான், அங்கேயும் டேபிள் கிடையாது.

ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் போய் 'வெஜ்டபிள்'னு சொல்லிப் பார்க்காதீங்க, காய்கறின்னே கேளுங்க. எனக்கு அடுத்த இன்டர்வியூ வியாழக்கிழமை. ப்ராஜெக்ட் தலைப்பிலேயே அந்த வார்த்தை ரெண்டு தடவை வருது.