நெஞ்சு வலி 'கேஸ்'தானா? உணவுக்குழாய் நரம்புகள் சொல்லும் பாடம்

ஒரு கவளம் சோறு தொண்டையை அடையும் வரைதான் நம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. அதன்பின் சுமார் 25 செ.மீ. நீளமுள்ள உணவுக்குழாய் அலை அலையாகச் சுருங்கி, சுமார் 10 விநாடிகளில் அதை இரைப்பையில் சேர்க்கிறது. படுத்துக்கொண்டு விழுங்கினாலும் உணவு இறங்குவது இதனால்தான்.

இந்த வேலையை முக்கியமாக நடத்துவது மூளையிலிருந்து இறங்கும் 10-வது நரம்பான வேகஸ். உணவுக்குழாயின் தசைகளுக்கு நடுவே இன்னொரு நரம்பு வலையும் உண்டு. 1862-ல் இதை விவரித்த ஜெர்மானிய மருத்துவர் அவர்பாக்கின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. உணவு வரும்போது கீழ்வாயிலைத் திறக்கச் சொல்வதும் இந்த வலைதான். அங்குள்ள நரம்பணுக்கள் அழிந்தால் வாயில் சரியாகத் திறக்காது. இந்நோய்க்கு அகலேசியா என்று பெயர். இதில் சோறு மட்டுமல்ல, தண்ணீரும் சிக்கும். முதலில் திட உணவு மட்டும் சிக்கி, நாளடைவில் நீரும் இறங்க மறுத்தால் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். இரண்டுக்குமே தாமதமின்றி எண்டோஸ்கோப்பி தேவை.

முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலிருந்து சிம்பதெடிக் நரம்புகளும் உணவுக்குழாய்க்கு வருகின்றன. வலியை மூளைக்குச் சொல்வதில் இவற்றுக்குப் பங்கு உண்டு. இதயத்தின் வலிச் செய்தியும் ஏறக்குறைய இதே பாதையில்தான் செல்கிறது. எனவே இரண்டு வலிகளையும் மூளையால் எளிதில் பிரித்தறிய முடிவதில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் பார்க்கும் சகோதரர்கள் பலர் நேரம் தவறிச் சாப்பிட்டு, உடனே படுத்துவிடுகிறார்கள். அமிலம் மேலேறி நெஞ்சு எரிகிறது. 'கேஸ்தான்' என்று சோடா குடித்துச் சமாளிப்பதும் நம்மிடையே வழக்கம். ஆனால் வலி நெஞ்சை அழுத்தினாலோ, கை, தாடைக்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தாலோ, முதலில் இதயம் என்றே எண்ணி 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்பதால், மாரடைப்பிலும் வலி குறைவாகவே தெரியக்கூடும்.

திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும் இருக்கிறது. இசிஜி எடுக்கச் சில நிமிடங்களே ஆகும். இதயத்தில் குறையில்லை என்று மருத்துவர் உறுதி சொன்ன பிறகு உணவுக்குழாயைப் பார்ப்போம். சாப்பிட்டு 2 அல்லது 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் பழக்கத்தை இன்றே வீட்டில் தொடங்குவோம்.