உலர்த்திக் கூடாரத்திற்கு எந்தச் சட்டம்? அலுமினியமா, இரும்பா?

தஞ்சை மாவட்டத்தில் பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில் தென்னை விவசாயிகளின் பெரிய கவலை கொப்பரையைக் காய வைப்பதே ஆகும். புதிய தேங்காய்ப் பருப்பில் ஏறக்குறைய பாதி நீர்தான். அதை 6 சதவீத ஈரத்திற்குக் கொண்டு வர வேண்டும். 100 கிலோ பருப்பு காய்ந்து 53 கிலோ கொப்பரை ஆகும்போது 47 கிலோ நீர் ஆவியாகி வெளியேறுகிறது. களத்தில் பரப்பினால் நல்ல வெயிலிலும் இதற்கு ஒரு வாரம் வரை ஆகும். நடுவில் ஒரு மழை பெய்தால் பூசணம் பிடித்து விலை இறங்கிவிடும். சூரிய கூடார உலர்த்தியில் இதே வேலை 3 அல்லது 4 நாளில் முடிகிறது, தூசியும் படிவதில்லை.

கூடாரம் வாங்கும்போது பலரும் மேலே போடும் பாலிகார்பனேட் தகட்டின் தரத்தையே விசாரிக்கிறார்கள். தகடு பழுதானால் மாற்றிக் கொள்ளலாம். சட்டம் துருப்பிடித்தோ வளைந்தோ போனால் கூடாரமே வீண். ஆனால் வங்கித் தவணை நிற்காது. எனவே முன்பணம் கொடுக்கும் முன்பே சட்டத்தைப் பற்றித் தெரிந்து கொள்வது நலம்.

காடிச் சட்டம் என்பது என்ன?

தொழிற்சாலைகளில் இயந்திரங்களுக்கும் மேசைகளுக்கும் பயன்படும் அலுமினியச் சட்டங்கள் இப்போது உலர்த்திகளுக்கும் வருகின்றன. சூடேற்றிய அலுமினியத்தை அச்சின் வழியே அழுத்திப் பிதுக்கி எடுப்பதால் சட்டத்தின் நான்கு பக்கமும் நீளவாக்கில் காடி இருக்கும். காடிக்குள் ஒரு நட்டை நுழைத்து, மூலைத் துண்டை வைத்து, போல்ட்டை முடுக்கினால் இணைப்பு முடிந்தது. வெல்டிங் தேவையில்லை. தட்டின் உயரத்தை மாற்றலாம். பழுதான ஒரு துண்டை மட்டும் கழற்றலாம். டெல்டாவில் பலர் குத்தகை நிலத்தில் பயிரிடுகிறார்கள். குத்தகை மாறினால் பிரித்து வேறு இடத்தில் பூட்டிக் கொள்ள இது ஏற்றது.

அலுமினியத்தை வெல்டிங் செய்வதைத் தவிர்க்க வேண்டும். இச்சட்டங்களுக்குப் பலம் தருவது தயாரிப்பின்போது செய்யப்படும் வெப்பப் பக்குவம். பற்றவைக்கும் சூட்டில் அந்தப் பக்குவம் கெட்டு, அந்த இடம் மட்டும் பலம் குன்றிவிடும்.

எடை குறைவு; வளைவு அதிகம்

ஒரே அளவுள்ள இரும்புத் துண்டின் எடை 3 கிலோ என்றால் அலுமினியத் துண்டின் எடை சுமார் 1 கிலோதான். தூக்கவும் பூட்டவும் இது வசதி. ஆனால் ஒரே அளவுச் சட்டத்தில் ஒரே சுமையை ஏற்றினால் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய 3 மடங்கு வளையும். இரும்புக்குப் பதில் அதே அளவு அலுமினியத்தைப் போட்டால் தட்டுகள் தொய்ந்து போவதற்குக் காரணம் இதுதான்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒரு பலகையைப் படுக்க வைத்து மிதித்தால் வளையும். விளிம்பில் நிறுத்தி வைத்தால் வளையாது. அதுபோல நீள்சதுரச் சட்டமாக இருந்தால் அகலப் பக்கம் செங்குத்தாக நிற்கும்படி பூட்ட வேண்டும். இரண்டாவது, கால்களின் இடைவெளியைக் குறைக்க வேண்டும். 2 மீட்டருக்கு ஒரு கால் என்பதை 1 மீட்டருக்கு ஒரு கால் என்று மாற்றினால், நடுவில் உள்ள அதே சுமைக்கு வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும்.

சுமையைக் கணக்கிடும்போது ஈரப் பருப்பின் எடையையே கொள்ள வேண்டும். ஒரு தட்டுக்கு 20 கிலோ என்று கொண்டால் 4 அடுக்கில் 80 கிலோ. காய்ந்தபின் அது 43 கிலோவுக்குள் வந்துவிடும். காய்ந்த எடையைச் சொல்லிச் சட்டம் வாங்கினால் முதல் நாளே தொய்யும்.

வெப்பத்தில் நீளும்

காலையில் 25 டிகிரி இருக்கும் கூடாரம் நண்பகலில் 60 டிகிரியை எட்டலாம். இந்த வேறுபாட்டில் 6 மீட்டர் இரும்புச் சட்டம் சுமார் 2.5 மி.மீ. நீளும், அலுமினியம் சுமார் 5 மி.மீ. நீளும், பாலிகார்பனேட் தகடு சுமார் 14 மி.மீ. நீளும். தகட்டில் போல்ட்டுக்குச் சரியான அளவில் துளை போட்டு இறுக்கினால், சில மாதங்களில் துளையைச் சுற்றி வெடிப்பு விடும். துளையைச் சற்றுப் பெரிதாகப் போட்டு, ரப்பர் வாஷர் வைத்து, மிதமாக முடுக்க வேண்டும்.

உப்புக் காற்றும் துருவும்

வேதாரண்யம், அதிராம்பட்டினம் போன்ற கடலோரப் பகுதிகளில் சாதாரண இரும்பு, வர்ணம் பூசினாலும் விரைவில் துருப்பிடிக்கும். கூடாரத்தின் உள்ளே இரவில் நீராவி குளிர்ந்து சட்டத்தில் துளித்து நிற்கும். துரு கலந்த அந்த நீர் கொப்பரையில் சொட்டினால் கறை படியும். அலுமினியத்திற்கு இந்தத் தொல்லை இல்லை. ஆயினும் அதற்கும் பகை உண்டு.

1. உப்பு ஈரம் பட்ட இடத்தில் அலுமினியமும் வெறும் இரும்பும் நேரடியாகத் தொட்டுக் கொண்டிருந்தால் அலுமினியம் அரிக்கும். எவர்சில்வர் போல்ட்டுடன் நைலான் வாஷர் இடுவது நல்லது.

2. சுண்ணாம்பு, ஈரச் சிமெண்ட், சாம்பல் ஆகியவை அலுமினியத்தை அரிக்கும். அலுமினியக் காலை நேரே கான்கிரீட்டில் புதைக்கக் கூடாது.

3. மயில்துத்தம், போர்டோ கலவை ஆகியவற்றை அருகில் வைக்கவோ கலக்கவோ கூடாது.

4. உப்பிட்ட மீன், மோர் மிளகாய், புளி ஆகியவற்றைக் காய வைப்பவர்கள் எவர்சில்வர் தட்டுகளைப் பயன்படுத்த வேண்டும்.

காற்றுக்குத் தாங்குமா?

2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், இவ்வட்டாரத்தில் இலட்சக்கணக்கான தென்னைகளைச் சாய்த்ததை யாரும் மறக்க முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகக் காற்று ஒரு சதுர மீட்டர் பரப்பை ஏறக்குறைய 47 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 6 மீட்டர் நீளம், 2 மீட்டர் உயரம் உள்ள ஒரு பக்கத்தின் மேல் இது 560 கிலோவுக்கு மேல் ஆகும். காற்றின் வேகம் இரு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும்.

ஆகவே எந்த உலோகமானாலும் கூடாரத்தின் கால்கள் கான்கிரீட் அடித்தளத்தில் பதித்த போல்ட்டுகளுடன் பிணைக்கப்பட வேண்டும். இலேசான அலுமினியத்திற்கு இது இன்னும் முக்கியம். மூலைகளில் சாய்வுச் சட்டங்கள் இல்லாத கூடாரம் காற்றில் ஒரு பக்கமாகச் சாயும். புயல் எச்சரிக்கை வந்ததும் தட்டுகளை எடுத்து வைத்து, கதவை இறுகக் கட்டிவிட வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

வெளிக்கூட்டிற்குத் துத்தநாகக் குளியல் கொடுத்த ஜி.ஐ. குழாய் ஏற்றது; பலமும் உண்டு, விலையும் கட்டுப்படியாகும். குழாயைப் போல்ட்டால் இணைக்க வேண்டும். பற்றவைத்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்து, முதலில் அங்கேதான் துரு பிடிக்கும். உள்ளே தட்டு அடுக்குகளுக்கு அலுமினியக் காடிச் சட்டம் பொருந்தும். மோட்டார் வைத்த சலிப்பு இயந்திரம், தூற்றும் இயந்திரம் ஆகியவற்றின் தாங்கிக்கு இரும்பு ஆங்கிளே மேல். ஓயாத அதிர்வில் காடியில் உள்ள நட்டுகள் தளர்ந்து நழுவக்கூடும். உலர்த்தியிலும் பூட்டிய முதல் மாதத்தில் ஒரு முறையும், பின்னர் ஆண்டுக்கு இரு முறையும் எல்லா நட்டுகளையும் முடுக்கிப் பார்க்க வேண்டும்.

கிலோ விலையை மட்டும் ஒப்பிட்டால் அலுமினியம் அதிகமாகத் தோன்றும். பூட்டி முடித்த மொத்தச் செலவையும், பராமரிப்பையும், பழைய உலோகமாக விற்றால் கிடைக்கும் தொகையையும் சேர்த்துப் பார்ப்பதே முறை. சட்டத்தின் அளவு, சுவர்க் கனம், போல்ட்டின் வகை, அடித்தளத்தின் ஆழம் ஆகிய நான்கையும் விலைப்பட்டியலில் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் இடத்தில் முன்பணம் கொடுக்கக் கூடாது.

உலர்த்திக்கு உரிய மானிய விவரங்களை வேளாண் பொறியியல் துறையின் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் கேட்டு அறியலாம். 1967-ல் நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கி, இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் இயங்கும் மத்திய அரசு நிறுவனத்திலும் உலர்த்துதல் பற்றி ஆலோசனை பெறலாம். ஐப்பசி மழைக்கு முன்பே சட்டத்தைப் பார்த்து முடிவு செய்து பூட்டி முடித்தால், தை மாத வெயிலில் முதல் கொப்பரையை நிம்மதியாக உலர்த்தலாம்.