நம் பணம்! நம் கணக்கு!



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டதும் ஆளாளுக்கு ரோபோ, மின்சாரக் கார், நிலவுப் பயணம் என்று தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். "எங்க அம்மாவோட வேலை அட்டையைப் பத்தி எழுதப் போறேன்" என்றதும் ஹாஸ்டலில் ஒரே சிரிப்பு. ஆனால் நாம் எஸ்டிமேட்டிங் பாடத்தில் படிப்பதற்கும் அந்த அட்டைக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

எங்க குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனவர். முதலாமாண்டு லீவில் ஊருக்குப் போயிருந்தபோது, "எனக்கு எத்தனை நாள் எழுதியிருக்காங்கன்னு உன் செல்லுல பாருடா" என்றார். அந்தத் திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று வரிசையாகத் தொட்டுக்கொண்டே போனேன். கடைசியில் வருகைப் பட்டியல் வந்து நின்றது. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. மஸ்டர் ரோல் என்றும், ஊரில் என்.எம்.ஆர். என்றும் சொல்வார்களே, அதுதான்.

அம்மாவின் நாட்கள் சரியாகவே இருந்தன. நான் சும்மா இருக்காமல் மற்ற பேர்களையும் சத்தமாகப் படித்தேன். திண்ணையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேர் வந்ததும் பக்கத்து வீட்டு அத்தை, "அந்தப் புள்ள கல்யாணமாகி திருப்பூர் போயி ரெண்டு வருசம் ஆச்சே!" என்றார். திரும்பப் படித்தேன். அதே பேர், அதே புருஷன் பேர். ஆறு நாள் வேலை செய்ததாகப் பதிவு. இன்னும் நாலு வரி தள்ளி இன்னொரு பேர். "அவரு இடுப்பு ஒடிஞ்சு படுத்த படுக்கையால்ல கெடக்காரு!"

எனக்குப் படிக்கத் தெரியும், ஆளைத் தெரியாது. அவர்களுக்கு ஆளைத் தெரியும், படிக்கத் தெரியாது. இரண்டும் ஒரு திண்ணையில் சேர்ந்ததும்தான் தப்பு கண்ணில் பட்டது.

அம்மா உடனே என் கையைப் பிடித்துவிட்டார். "மூடுடா அதை. நாளைக்கு வேலை இல்லைன்னுட்டா என்ன பண்றது?" அன்றைக்கு மூடிவிட்டேன். மனசு மட்டும் மூடவில்லை. இப்படி வேறு எங்காவது நடந்திருக்கிறதா என்று தேடிப் படித்தேன்.

ராஜஸ்தானில் நடந்தது

1975-ல் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு வந்தவர் அருணா ராய். அவரும் நிகில் தே, சங்கர் சிங் ஆகியோரும் 1987-ல் ராஜஸ்தான் மாநிலத்தில் தேவ்டுங்ரி என்ற சின்ன ஊரில் குடியேறினார்கள். அந்தப் பக்கம் வறட்சி நிவாரண வேலை நடக்கும். ஆனால் சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலி கைக்கு வராது. ஏன் என்று கேட்டால், "நீங்கள் வேலை பார்க்கவில்லை, அளவுப் பதிவு அப்படித்தான் சொல்கிறது" என்பார்கள். "அந்தப் பதிவைக் காட்டுங்கள்" என்றால், "அது அரசு ரகசியம்" என்பார்கள்!

நண்பர்களே, அங்கே கூலியைப் பிடித்தது அளவு எழுதிய புத்தகம். நம்ம பாஷையில் சொன்னால் எம்-புக்.

1990 மே 1-ல் அந்த மக்கள் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 டிசம்பரில் கோட்கிரானா என்ற ஊரில் முதல் 'ஜன் சுன்வாய்' நடந்தது. மக்கள் விசாரணை என்று பொருள். கிடைத்த பதிவேடுகளை வேலை வாரியாகப் பிரித்து, ஊர் ஊராகக் கொண்டுபோய் விசாரித்து, பிறகு எல்லோரும் கூடிய இடத்தில் உரக்கப் படித்தார்கள். "இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார்" என்று படித்தால், அந்த இன்னாரே எழுந்து, "நான் போகவே இல்லையே!" என்பார். இப்படி அடுத்தடுத்து நடந்த விசாரணைகளில் செத்தவர்கள் பேரில் கூலி, நடக்காத வேலைக்கு பில் என்று ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

1996 ஏப்ரலில் பியாவர் நகரத்தில் 40 நாள் தர்ணா. "ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்" என்பது அவர்கள் முழக்கம். அதைத்தான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பாக வைத்திருக்கிறேன். 2000-ல் ராஜஸ்தானுக்குத் தகவல் உரிமைச் சட்டம் வந்தது. 2005-ல் நாடு முழுவதற்கும் வந்தது. நம்ம தமிழ்நாடு 1997-லேயே, எல்லா மாநிலங்களுக்கும் முன்னால், இப்படி ஒரு சட்டம் போட்டது. ஆனால் 'இதைத் தர வேண்டாம், அதைத் தர வேண்டாம்' என்ற விதிவிலக்குகள் அதில் நிறைய இருந்தன.

நூறு நாள் வேலைக்கான 2005-ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபையே சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்றது. ஆந்திராவில் 2006-லிருந்து இதைப் பெரிய அளவில் செய்தார்கள். வீடு வீடாகப் போய்ப் பட்டியலைச் சரிபார்க்க அவர்கள் தேர்ந்தெடுத்தது யாரைத் தெரியுமா? கூலி வேலை செய்யும் குடும்பங்களில் எழுதப் படிக்கத் தெரிந்த இளைஞர்களை. அதாவது, நம்மைப் போன்றவர்களை!

பணம் ஒழுகும் மூன்று ஓட்டைகள்

நான் புரிந்துகொண்டவரை, ஒரு பொது வேலையில் பணம் ஒழுகுவது மூன்று இடத்தில். ஆள், அளவு, ரேட்.

ஆள் ஓட்டை, வராதவனை வந்ததாக எழுதுவது. இதைப் பிடிக்க என்.எம்.ஆர். வேண்டும், ஊர்க்காரர் கண்ணும் வேண்டும்.

அளவு ஓட்டை நம்ம சப்ஜெக்ட். ஒரு தெருவுக்கு 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனத்தில் கான்கிரீட் ரோடு என்று எஸ்டிமேட் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 45 கன மீட்டர். போடும்போது கனத்தை மட்டும் 0.12 ஆக்கிவிட்டால் 36 கன மீட்டர்தான் ஆகும். மேலிருந்து பார்த்தால் நீளமும் சரி, அகலமும் சரி. 9 கன மீட்டர், ஐந்தில் ஒரு பங்கு, காணாமல் போயிருக்கும்! ஓரத்தில் டேப் வைத்துப் பார்த்தால் சந்தேகம் வரும். எம்-புக் நகலை வாங்கிப் பக்கத்தில் வைத்தால் கேள்வி கேட்க ஆதாரம் வரும்.

ரேட் ஓட்டை, பொருளின் விலையைக் கூட்டி எழுதுவது. இதற்கு உக்ரைன் நாட்டில் நடந்த ஒரு சங்கதி நல்ல உதாரணம். அங்கே 2016-லிருந்து அரசு வாங்கும் பொருள்களுக்கான டெண்டர்கள் 'புரோசோரோ' என்ற இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி நடந்தன. ஒளிவுமறைவின்றி என்பது அந்தச் சொல்லின் பொருள். போர் வந்த பிறகு ராணுவம் வாங்குவது மறைவாகிவிட்டது. 2023 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர் ராணுவச் சாப்பாட்டு ஒப்பந்தத்தை வெளியிட்டார். கடையில் 7 ஹிரிவ்னியா அளவில் விற்ற முட்டைக்கு 17 ஹிரிவ்னியா போட்டிருந்தது! துணை அமைச்சர் ஒருவர் பதவி விலக நேர்ந்தது. அதன் பிறகு ராணுவக் கொள்முதலிலும் விலையை வெளியிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். முட்டை விலை எந்த ஊர்க்காரனுக்கும் தெரியும். ஒப்பந்தம் கண்ணில் பட வேண்டும், அவ்வளவுதான்.

நம்ம கையில் என்ன இருக்கிறது?

தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி ஒரு மனு போடலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கக் கூடாது. 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அந்த அலுவலகத்திலேயே மேலதிகாரிக்கு முதல் மேல்முறையீடு, அதன் பிறகு தகவல் ஆணையம்.

நம் டிபார்ட்மெண்ட் நண்பர்களில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம்: காகிதத்தோடு இந்த உரிமை முடிந்துவிடவில்லை. நடக்கும் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் சான்றளித்த மாதிரியை வாங்கவும் சட்டத்தின் 2-ஆம் பிரிவே இடம் கொடுக்கிறது. லேபில் க்யூப் உடைத்துப் பழகிய கைக்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழ்நாட்டில் டெண்டர்களை வெளிப்படையாக நடத்த 1998-ல் தனிச் சட்டம் உண்டு. பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலையும் பார்க்க முடியும். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற கிராம சபை கூடும் நாட்களில் வரவு செலவைக் கேட்கும் உரிமை ஒவ்வொரு வாக்காளருக்கும் உண்டு.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவைத் திருத்துகிறது. பேர்களை மறைக்க இது வழி செய்துவிடும் என்று தகவல் உரிமை இயக்கத்தினர் எதிர்த்தார்கள். எங்கள் திண்ணையில் பேர் இல்லாத பட்டியலைப் படித்திருந்தால் யாருக்கு என்ன தெரிந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

திண்ணைக் கதையின் மிச்சம்

அந்த இரண்டு பேர் விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். முதலில் என் அவசரப் புத்தியைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் திருட்டு என்றே முடிவு கட்டியிருந்தேன். அத்தை போய் விசாரித்தார். படுக்கையில் கிடந்தவருக்குப் பதிலாக அவர் சம்சாரம் நிஜமாகவே மண் வெட்டியிருக்கிறார். ஒரே குடும்ப அட்டை என்பதால் பதிவு மட்டும் புருஷன் பேரில் விழுந்துவிட்டது. அவசரப்பட்டுப் புகார் எழுதியிருந்தால் ஒரு ஏழைக் குடும்பத்தின் ஆறு நாள் கூலிக்கு நான் உலை வைத்திருப்பேன். பட்டியல் சந்தேகத்தைத்தான் கொடுக்கும். தீர்ப்பை நேரில் போய் விசாரித்துத்தான் சொல்ல முடியும்.

திருப்பூர்ப் பெண் விஷயம் அப்படி இல்லை. பணம் அவள் கணக்குக்குத்தான் போயிருக்கிறது. ஆனால் ஏ.டி.எம். கார்டு அவளிடம் இல்லை.

தனியாகக் கேட்க அம்மாவுக்குப் பயம். நியாயமான பயம்தான். சத்யேந்திர துபே என்ற இளம் இன்ஜினியர், நெடுஞ்சாலை வேலையில் நடந்த முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு 2002-ல் கடிதம் எழுதினார். தன் பேரை ரகசியமாக வைக்கச் சொல்லியும் அது பல கைகளுக்குப் போனது. 2003 நவம்பர் 27-ல் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக் கொலை என்று புலனாய்வு சொன்னது. எப்படியானாலும், ஒரு பெரிய கணக்கின் பாரத்தை ஒற்றை மனிதன் தலையில் சுமத்தியது தப்புதான். கணக்கு எல்லோருக்கும் திறந்திருந்தால் அந்தப் பாரம் பத்துத் தலைக்குப் பிரியும்.

எங்க ஊர்ப் பெண்கள் அதைத்தான் செய்தார்கள். அக்டோபர் 2 கிராம சபைக்குப் பதினோரு பேர் ஒன்றாகப் போனார்கள். யார் மேலும் குற்றம் சொல்லவில்லை. "எங்களுக்குப் படிக்கத் தெரியாது. பட்டியலைச் சத்தமா படிச்சுக் காட்டுங்க" என்று மட்டும் கேட்டார்கள். மறுக்க முடியவில்லை. படித்துக்கொண்டே வந்தவர் அந்தப் பேர் வந்ததும் ஒரு நிமிடம் நின்றார். கூட்டம் அமைதியாக இருந்தது. அடுத்த பட்டியலிலிருந்து அந்தப் பேர் இல்லை. பழைய பணத்தை எடுத்தது யார் என்பதற்கு இன்றுவரை பதில் இல்லை. அம்மாவின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை.

நண்பர்களே! இன்னும் ஒன்றிரண்டு வருடத்தில் நம்மில் பலர் ஓவர்சியராகவோ, சைட் சூப்பர்வைசராகவோ ஆகிவிடுவோம். அந்த எம்-புக் நம் கைக்கே வரும். இதை அம்மாவிடம் சொன்னபோது அவர் சொன்னது:

"அளவு கம்மின்னு எழுதி எங்க கூலியப் புடிச்சிராத. அளவு ஜாஸ்தின்னு எழுதி ஊரு காசையும் எடுத்துராத. இருக்குறத எழுது சாமி."

இருப்பதை எழுதுவோம். எழுதியதை எவர் கேட்டாலும் காட்டுவோம்!