படிவத்தில் இல்லாத பெட்டி

ஒரு வெப் ஆப்பை உடைத்துப் பார்ப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்களின் திரையை எட்டிப்பார்த்திருக்கிறீர்களா? வாங்க, இன்றைக்குப் பார்த்துவிடுவோம். எனக்கு இது அலுப்பதே இல்லை!

மேஜையில் இருப்பது ரெயில்ஸ்கோட். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வொர்க்கில், வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்து எழுதிய பயிற்சி ஆப். வெப் ஆப் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பின் திட்டம் இது. மெட்டாகார்ப் என்ற கற்பனைக் கம்பெனியின் ஊழியர் தளமாக வேஷம் கட்டியிருக்கும். நம் கம்ப்யூட்டரிலேயே ஓடுவதால் யார் சொத்துக்கும் சேதம் இல்லாமல் ஆசை தீர உடைக்கலாம்.

புதுக் கணக்கு தொடங்கும் படிவம் திறக்கிறது. பெயர், இமெயில், பாஸ்வேர்டு என்று சாதாரணப் பெட்டிகள்தான். நிரப்பிவிட்டுப் பட்டனை அழுத்தினால் பிரவுசர் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஏனென்றால் நடுவழியில் பர்ப் சூட் என்ற ப்ராக்ஸி அந்த ரிக்வெஸ்டைப் பிடித்து வைத்திருக்கிறது. உள்ளே இருப்பதெல்லாம் வெறும் எழுத்துதான். எதை வேண்டுமானாலும் மாற்றலாம், சேர்க்கலாம். கடைசியில் கர்சரை வைத்து நாமே ஒரு புலத்தைத் தட்டுகிறோம்: அட்மின், சமக்குறி, ட்ரூ. படிவத்தில் அப்படி ஒரு பெட்டியே கிடையாது! 'ஃபார்வர்டு' பட்டனை அழுத்தி லாகின் செய்தால், அட்மினுக்கு மட்டுமான பக்கங்கள் நமக்குத் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் எனக்குப் புல்லரிக்கும்.

இதற்குப் பெயர் மாஸ் அசைன்மென்ட். படிவத்தில் வந்ததையெல்லாம் ஒரே வரி கோடில் டேட்டாபேஸில் ஏற்றும் வசதியை ரெயில்ஸ் கொடுத்தது. நேரம் மிச்சம்தான். ஆனால் ரேஷன் கார்டு விண்ணப்பத்தின் ஓரத்தில் 'நானே தாசில்தார்' என்று ஒருவர் எழுதித் தர, ஆபீஸில் அதையும் சேர்த்துப் பதிந்துகொண்டால் என்ன ஆகும்?

அதுதான் 2012 மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே நடந்தது, அதுவும் புரோகிராமர்கள் கோடைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில்! எகோர் ஹோமகோவ் என்ற ரஷ்ய இளைஞர் இந்த ஆபத்தை ரெயில்ஸ் குழுவிடம் எடுத்துச் சொல்லியிருந்தார். ஒவ்வொரு ஆப்பிலும் எந்தப் புலத்தை ஏற்பது என்று பார்த்துக்கொள்வது புரோகிராமர் பொறுப்பு என்று பேச்சு முடிந்துவிட்டது. கிட்ஹப்பே ரெயில்ஸில் கட்டியது. ரெயில்ஸின் மூலக் கோடும் கிட்ஹப்பில்தான் இருந்தது. அதனால் அவர் அங்கேயே செய்து காட்டிவிட்டார். முதலில், எதிர்காலத்தில் 1001 வருடம் தள்ளித் தேதி போட்ட ஒரு புகாரை அங்கே பதிந்து காட்டினார். பிறகு பப்ளிக் கீயை, அதாவது கோடை ஏற்ற வருபவர் யார் என்று காட்டும் சாவியை, மாற்றும் படிவத்தில் யூசர் ஐடி என்று ஒரு புலத்தைச் செருகினார். அவருடைய சாவி ரெயில்ஸின் கணக்கில் போய் ஒட்டிக்கொண்டது. அந்தச் சாவியாலேயே ரெயில்ஸின் பிரதான கிளையில் ஒரு ஃபைலை ஏற்றிக் காட்டினார்.

கிட்ஹப் அவர் கணக்கை முடக்கியது. அன்றே ஓட்டையையும் அடைத்தது. அவருக்குக் கெட்ட நோக்கம் இல்லை என்று தெளிந்ததும் கணக்கைத் திருப்பிக் கொடுத்தது. அனுமதி கேட்காமல் அடுத்தவர் சர்வரில் கை வைத்தது தப்புதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவர் சொன்னது அத்தனையும் சரி. 2013-இல் வந்த ரெயில்ஸ் 4-இல் 'ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ்' வந்து, வழக்கத்தையே தலைகீழாக்கியது: எந்தெந்தப் புலம் உள்ளே வரலாம் என்று கோடில் பெயர் சொல்லி அனுமதிக்க வேண்டும், சொல்லாதது வாசலிலேயே நிற்கும். ஆயிரம் எச்சரிக்கை எழுதி வைப்பதைவிட இந்த ஒரு மாற்றம் பெரிது என்பேன்.

நாம் எட்டிப்பார்த்த டெஸ்டரின் திரையில் இன்னொரு ஜன்னலும் இருக்கிறது, பிரேக்மேன். ஆப்பை ஓட்டாமலேயே ரெயில்ஸ் கோடை வரி வரியாகப் படித்துச் சந்தேகத்துக்குரிய இடங்களைக் காட்டும் கருவி. 2024-இல் வந்த ரெயில்ஸ் 7.2 முதல், புதிதாகத் தொடங்கும் ஆப்களில் இது கூடவே வந்துவிடுகிறது. அவசரத்தில் யாராவது 'எல்லாப் புலத்தையும் விடு' என்று பர்மிட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டிருந்தால், ஃபைலின் பெயரையும் வரி எண்ணையும் டெர்மினலில் காட்டிக் கொடுத்துவிடும்.