'ஆர்.சி. ஸ்கூல்ல சேர்த்தா ஜெபம் பண்ணச் சொல்லுவாங்களா?': கிறிஸ்தவ தொடக்கப் பள்ளிகளில் ஒரு நாள் எப்படி இருக்கும்?

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏப்ரல், மே வந்துட்டா அம்மா அப்பாக்கள் மத்தியில் சுத்தி வரும் கேள்வி இது. "பக்கத்துலயே ஆர்.சி. ஸ்கூல் இருக்குதுங்க, பீஸும் இல்லீங்க. ஆனா சாமி விஷயத்துல ஏதாச்சும் சொல்லுவாங்களா?" இன்னும் சிலருக்கு வேற கவலை: "காலைச் சாப்பாடு அங்கயும் உண்டா? நாளைக்குக் காலேஜ் போறப்ப அரசுப் பள்ளி சலுகை போயிடுமா?"

கொஞ்சம் விரிவாகவே பார்த்துடலாம்.

இது யாருடைய பள்ளி?

பெயர்ப் பலகையில் ஆர்.சி., சி.எஸ்.ஐ., டி.இ.எல்.சி. என்று இருக்கும். ஆர்.சி. என்றால் ரோமன் கத்தோலிக்கம். சி.எஸ்.ஐ. என்பது 1947 செப்டம்பரில் உருவான தென்னிந்தியத் திருச்சபை. டி.இ.எல்.சி. தமிழ் லுத்தரன் திருச்சபை. இவற்றில் பழைய பள்ளிகள் பெரும்பாலும் 'அரசு உதவி பெறும் பள்ளிகள்'. கட்டடமும் நிலமும் சபையுடையது, ஆசிரியரை நியமிப்பது தாளாளர். ஆனால் ஆசிரியரின் சம்பளம் அரசு மானியத்தில் வருகிறது. பாடப் புத்தகம், தேர்வு, ஆய்வு எல்லாமே பள்ளிக் கல்வித் துறையின் வழியில்தான்.

புதுசா இப்படி ஒரு பள்ளி ஏன் வர்றதில்லை என்று யோசித்திருக்கீங்களா? 1991-92 கல்வியாண்டு முதல் தொடங்கப்பட்ட தனியார் பள்ளிகளுக்கு மானியம் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதனால்தான் உதவி பெறும் பள்ளி என்றாலே ஓட்டுக் கட்டடமும் வேப்பமரமுமாக, தாத்தா காலத்துப் பள்ளியாக இருக்கிறது.

கொங்கு மண்டலத்தில் இந்தக் கதை ரொம்பப் பழசு. கருமத்தம்பட்டியில் 17ஆம் நூற்றாண்டிலேயே கத்தோலிக்க சபை வேர் விட்டது. லண்டன் மிஷனைச் சேர்ந்த ஆடிஸ் 1830இல் கோவைக்கு வந்தார். ஊருக்குள் சின்னச் சின்னப் பள்ளிகள் அவர் காலத்தில் தொடங்கியவை. ஈரோட்டில் பணியாற்றிய எச்.ஏ.பாப்லி என்ற மிஷனரி, 1931இல் திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். பாதிரியார்கள் பைபிளோடு மட்டும் வரவில்லை, போகும்போது குறளையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்தத் தகவல் மேல் தனிப் பிரியம்!

காலை மணி அடித்ததும்...

காலை வணக்கக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறள், செய்தி வாசிப்பு, தேசிய கீதம். அரசுப் பள்ளியில் நடப்பதேதான். கூடுதலாக இருப்பது ஒரு சின்ன ஜெபமோ பாட்டோ. பிறகு வகுப்பு. சில பள்ளிகளில் வாரத்தில் ஒரு பாடவேளையில் கிறிஸ்தவப் பிள்ளைகள் மறைக்கல்விக்கும், மற்றவர்கள் நீதிபோதனைக்கும் பிரிந்து போவார்கள். நெற்றியில் திருநீறு வைத்த பையனும் கழுத்தில் ஜெபமாலை போட்ட பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வாய்ப்பாடு சொல்வது இந்த ஊர்ப் பள்ளிகளில் யாருக்கும் ஆச்சரியமே இல்லை. பல பள்ளிகளில் கிறிஸ்தவர் அல்லாத பிள்ளைகள்தான் அதிகம்.

டிசம்பர் வந்தால் கிறிஸ்துமஸ் விழா. 25ஆம் தேதி அரையாண்டு விடுமுறைக்குள் வந்துவிடுவதால், லீவு விடும் முன்னாடியே குடிலும் நாடகமும் முடிந்துவிடும். மேய்ப்பன் வேஷத்துக்கு அப்பாவின் துண்டு போதும், தேவதைக்குத்தான் வெள்ளைத் துணியும் ஜிகினாவும் தேடணும். ஜனவரியில் அதே முற்றத்தில் பொங்கல் பானை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் கவனமாகப் படிங்க.

அரசியலமைப்பின் 30ஆவது பிரிவு, சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனம் தொடங்கி நடத்தும் உரிமையைத் தருகிறது. அதாவது பள்ளி தன் அடையாளத்தோடு இருக்கலாம். சிலுவை இருக்கலாம், ஜெபமும் இருக்கலாம்.

ஆனால் 28(3) என்று ஒன்று இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு நிதி பெறும் கல்வி நிறுவனத்தில் படிக்கும் யாரையும் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்தக் கூடாது. படிப்பவர் சிறுவர் என்றால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சம்மதம் இல்லாமல் முடியாது என்பதுதான் இங்கே விதி. இங்கிலாந்தில் இது தலைகீழ். அங்கே அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் தினசரிக் கூட்டு வழிபாடு சட்டப்படியே உண்டு, வேண்டாம் என்றால் பெற்றோர்தான் சொல்லிப் பிள்ளையை விலக்கிக்கொள்ள வேண்டும்.

ஆக, பிள்ளை ஜெபத்திலோ மத வகுப்பிலோ கலந்துகொள்ள வேண்டாம் என்று நினைத்தால், சேர்க்கும்போதே தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிடலாம். எழுத்தில் கொடுத்தால் இன்னும் நல்லது. சண்டைக்குப் போகிற மாதிரி இல்லாமல் சாதாரணமாகச் சொன்னாலே போதும். ஜெப நேரத்தில் சும்மா அமைதியாக நிற்கும் பிள்ளைகள் எல்லாப் பள்ளியிலும் உண்டு.

இன்னொரு வழக்கையும் சொல்லணும். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும், தங்கள் மத நம்பிக்கையால் பாடாமல் இருந்ததற்காக மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். 1986இல் உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். மனசாட்சி உரிமை எந்தப் பக்கமும் பொருந்தும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை.

சாப்பாடு உண்டா?

மதியச் சத்துணவு இந்தப் பள்ளிகளில் நீண்ட காலமாகவே உண்டு. தினம் ஒரு முட்டை, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம்.

காலை உணவில்தான் பிரச்சினை இருந்தது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் திட்டம் தொடங்கியபோது அது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். ஒரே தெருவில் இரண்டு பள்ளி இருந்தால், ஒன்றில் காலையில் பொங்கல் கிடைக்கும், இன்னொன்றில் கிடைக்காது. விடியற்காலையிலேயே மில்லுக்கும் கம்பெனிக்கும் கிளம்பும் குடும்பங்கள் அதிகமுள்ள திருப்பூர் மாதிரி ஊர்களில் இது சின்ன வித்தியாசம் இல்லை. 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதி உதவி பெறும் பள்ளிகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. 3,995 பள்ளிகள், 2.23 லட்சம் பிள்ளைகள். 2025 ஆகஸ்ட் 26இல் நகர்ப்புறத்துக்கும் வந்தது. 2,429 பள்ளிகள், 3 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள். முதல் விழா நடந்தது திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரி புனித அன்னாள் பள்ளியில், இரண்டாவது மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப் பள்ளியில். இரண்டுமே கிறிஸ்தவப் பள்ளிகள்தான்.

பீஸ், சலுகை: எங்கே ஏமாறக் கூடாது?

உதவி பெறும் பிரிவில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் சில வளாகங்களில் பக்கத்திலேயே சுயநிதிப் பிரிவும் நடக்கும், பெரும்பாலும் இங்கிலீஷ் மீடியம். கேட், யூனிபார்ம் எல்லாம் ஒன்றாக இருக்கும், கட்டணம் மட்டும் வேறு. அதனால் "இது எய்டடா, சுயநிதியா?" என்ற ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்க.

மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உதவி பெறும் பள்ளிக்குக் கிடையாது. உடனே பயப்பட வேண்டாம். அதற்குப் பார்க்கப்படுவது 6 முதல் 12 வரை படித்த பள்ளி. ஐந்தாவது வரை ஆர்.சி. பள்ளியில் படித்துவிட்டு ஆறாவதுக்கு அரசுப் பள்ளி போனால் எதுவும் கெடாது. ஆக, யோசிக்க வேண்டிய இடம் ஒன்றாவது அட்மிஷன் இல்லை, ஆறாவது அட்மிஷன். மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்ட் 9இல் நம்ம கோவையில் தொடங்கியபோதே உதவி பெறும் பள்ளிகளின் தமிழ் வழி மாணவர்களுக்கும் உண்டு. பெண் பிள்ளைகளுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் அவர்கள் சேர்க்கப்பட்டது அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில்தான்.

டீச்சர்களுக்கு என்ன நெருக்கடி?

முதலாவது, டெட் தேர்வு. பணியில் இருக்கும் ஆசிரியர்களும், ஓய்வுக்கு ஐந்து ஆண்டுக்கு மேல் இருந்தால், இரண்டு ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்று 2025 செப்டம்பர் 1இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்ற கேள்வியை மட்டும் பெரிய அமர்வுக்குப் பரிந்துரைத்தது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்ற 2014ஆம் ஆண்டுத் தீர்ப்பையே இந்த அமர்வு கேள்விக்கு உட்படுத்தியிருக்கிறது.

இரண்டாவது, எண்ணிக்கை. இதுதான் நிஜமான தலைவலி. ஆகஸ்ட் 1ஆம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்பதை வைத்து ஆசிரியர் பணியிடம் முடிவாகும். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளை வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. அந்த ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் ஒரு பணியிடமே உபரி ஆகலாம். இரண்டு பேர் இருக்கும் பள்ளியில் தலைமை ஆசிரியரும் அந்த இருவரில் ஒருவர்தான். அவரே ஐந்து வகுப்பில் பாதியை எடுக்கணும், எமிஸ் பதிவும் போடணும், சாப்பாட்டுக் கணக்கும் பார்க்கணும்.

அதனால்தான் மே, ஜூனில் ஆசிரியர்கள் நோட்டீஸை எடுத்துக்கொண்டு லைன் வீடுகளில் ஏறி இறங்குகிறார்கள். திருப்பூர்ப் பக்கம் பல பள்ளிகளில் காலி பெஞ்சை நிரப்புவது பனியன் வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் இந்தி அல்லது ஒடியா பேசும் பிள்ளை, நாலு மாசத்தில் "மிஸ், இவன் என்னை அடிச்சுட்டான்" என்று தமிழில் கம்ப்ளெயின்ட் பண்ணத் தொடங்கிடும்.